பதினாலு நாள் ஓதம்: மாடல் ஏன் அடங்க மாட்டேங்குது?

கடற்கணக்கு (பவாய், மும்பை)
வணக்கம். உலகக் கடல் முழுக்க மெதுவான ஓதங்களை (டைடு) மட்டும் கணிக்கிற மாடல் ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன். நாளுக்கு ரெண்டு தரம் ஏறி இறங்குற எம்2, எஸ்2 எல்லாம் இதுல கிடையாது. 13.66 நாள் சுழற்சி உள்ள எம்எஃப், 27.55 நாள் சுழற்சி உள்ள எம்எம், இந்த ரெண்டு மட்டும். கால் டிகிரி வலை, ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகள், அடித்தள உராய்வு வேகத்தோட இருபடி, கெழு 0.003.

சிக்கல் என்னன்னா விடை ஒரு நிலைக்கு வரவே மாட்டேங்குது. மாடலை ஓட்டுற காலத்தை நீட்ட நீட்ட பசிபிக்ல ஓதத்தோட கட்டம், அதாவது எப்போ உச்சத்துக்கு வரும்கிற நேரம், மாறிக்கிட்டே போகுது. தென் பெருங்கடல்ல திட்டுத் திட்டா ஏதோ ஊசலாடுது. எனக்குத் தெரிஞ்சு இதுதான் இருக்கிறதுலயே சுலபமான ஓதமா இருக்கணும். நாலு கிலோமீட்டர் ஆழக் கடல்ல நீள் அலை நொடிக்கு 200 மீட்டர் போகும். பசிபிக்கைக் கடக்க ஒரு நாள் கூட ஆகாது. பதினாலு நாள் அவகாசம் இருக்கிற தண்ணிக்கு சமநிலைக்கு, அதாவது ஓதவிசை கேக்கிற மட்டத்துக்கே, வர என்ன கஷ்டம்?

தாராவிக்காரன்
தம்பி, பதினாலு நாள் ஓதம்னா அமாவாசை பௌர்ணமிக்கு வர்ற பெரிய ஏத்தம்தானே? மழைக்காலத்துல முனிசிபாலிட்டி தேதி போட்டு அறிவிப்பு விடுவானே, நாலரை மீட்டருக்கு மேல ஹை டைடுன்னு. அதுக்கா கம்ப்யூட்டர் திணறுது?

மாட்டுங்காவாசி
அது வேற, இது வேற. பாதிப் பேர் இங்கதான் வழுக்குவாங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

அமாவாசை பௌர்ணமி ஏத்தத்துல கடலோட சராசரி மட்டம் ஏறுறதில்லை. சந்திரனோட எம்2-வும் சூரியனோட எஸ்2-வும் 14.77 நாளுக்கு ஒரு தரம் சேர்ந்து தள்ளும். ஹை டைடு கூடும், அதே அளவுக்கு லோ டைடு இறங்கும். கோலிவாடாவுல (மீனவர் குடியிருப்பு) உதாண்னு சொல்றது அதைத்தான். சசூன் டாக்ல படிக்கட்டைப் பாத்தீங்கன்னா மேல நனையிற நாள்லயே கீழ சேறும் நிறையத் தெரியும். சராசரி எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரிதான்.

தம்பி கேக்கிற எம்எஃப், சராசரி மட்டமே ஏறி இறங்குற ஓதம். சந்திரன் பூமத்திய ரேகைக்கு நேரா இருக்கிற நாள்ல ரேகைப் பக்கம் தண்ணி கொஞ்சம் கூடுதலா இருக்கும். சந்திரன் வடக்கேயோ தெற்கேயோ ஒதுங்கினா அது துருவப் பக்கம் நகரும். 27.32 நாளுக்குள்ள ரெண்டு தரம் ஒதுங்குது, அதான் 13.66. எம்எம் வர்றது சந்திரன் கிட்ட வந்து தூரப் போறதால.

அளவும் கேட்டுக்குங்க. நம்ம மும்பைத் துறைமுகத்து அப்போலோ பந்தர்ல எம்2 மட்டுமே மேலயும் கீழயும் 1.2 மீட்டர் போல. எம்எஃப்? சமநிலைக் கணக்குப்படி நம்ம அட்சரேகைக்கு ஒரு சென்டிமீட்டர்.

தாராவிக்காரன்
ஒரு சென்டிமீட்டரா! எங்க சந்துல ஒரு லாரி போனாலே அதைவிட அலை அடிக்கும் ஐயா, ஜூலையில.

சயான் சர்க்கிள்
😀 நியாயமான கேள்விதான். ஒரு சென்டிமீட்டருக்கு எதுக்கு உலக மாடல்? காத்தழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சாலே கடல் ஒரு சென்டிமீட்டர் ஏறிடும். சமநிலைச் சூத்திரத்தைப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே. நான் இருக்கிறது காத்தோட்ட மாடல் பக்கம். இந்தச் சிக்னலை அங்கே இரைச்சல்னு தூக்கிப் போட்டிருப்போம்.

முலுண்ட் லோக்கல்
தூக்கிப் போட முடியாத இடங்கள் இருக்கு. முதல்ல பூமியோட சுழற்சி. எம்எஃப் ஓதத்தால நாளோட நீளம் ஒரு மில்லிநொடியில மூணுல ஒரு பங்கு போல கூடிக் குறையுது. பூமி உருண்டையும் அதே ஓதத்துல நெளியுதில்லையா, பெரும்பங்கு அதனால. கடலோட பங்கைச் சரியாக் கழிச்சாத்தான் மீதியை வெச்சு மேன்டில் (பூமி ஓட்டுக்குக் கீழே இருக்கிற பாறை அடுக்கு) எவ்வளவு தூரம் ரப்பர் மாதிரி உடனே திரும்புது, எவ்வளவு சோம்பலாத் திரும்புதுன்னு சொல்ல முடியும். கடல் மாடல் தப்பா இருந்தா பூமியோட உள்ளே இல்லாத குணத்தை இருக்கிறதாச் சொல்லிடுவோம். ஈர்ப்பு அளக்கிற செயற்கைக்கோள்களுக்கும் இதே தலைவலி.

அப்புறம் நம்ம ஊர்ச் சரித்திரம் ஒண்ணு. பூமி உள்ளே திரவமா திடமான்னு பத்தொன்பதாம் நூற்றாண்டுல பெரிய சண்டை. பூமியும் திரவம் மாதிரியே நெளிஞ்சா கரையில நிக்கிறவனுக்கு ஓதமே தெரியக்கூடாது, ரெண்டும் சேர்ந்தே ஏறும். வேகமான ஓதங்கள் கடலோட வடிவத்தைப் பொறுத்து தாறுமாறா வர்றதால அதை வெச்சு முடிவு பண்ண முடியாது. மெதுவான ஓதம் சமநிலைக்கு வந்துடும்னு நம்பி அதை எடுத்துக்கிட்டாங்க. ஜார்ஜ் டார்வின், சார்லஸ் டார்வினோட மகன், இங்கிலாந்து, பிரான்ஸ், இந்தியத் துறைமுகங்கள் பதினாலுல இருந்து மொத்தம் 33 வருஷத் தரவை அலசி, பூமியோட விறைப்பு எஃகுக்குக் கிட்டத்தட்ட சமம்னு சொன்னார். ஒரு சென்டிமீட்டர் ஓதத்தை வெச்சு!

மாட்டுங்காவாசி
அந்தத் தரவைத் திரட்டின காலத்து இந்தியாவை நினைச்சா ஆச்சரியமா இருக்கும். ஓதத்தைக் கணிச்சுத் தர்ற கப்பி மெஷின் ஒண்ணையே 1879-ல இந்தியா ஆபிஸுக்காக லண்டன்ல செஞ்சாங்க. அப்போலோ பந்தர் ஓதமானிப் பதிவு 1878-ல இருந்து கிடைக்குது. இந்தியப் பெருங்கடல்லயே அவ்வளவு நீளமான பதிவு அதிகம் கிடையாது.

கடற்கணக்கு
முலுண்ட் அக்கா, நீங்க சொன்னதுலயே என் கேள்வி இருக்கு. "மெதுவான ஓதம் சமநிலைக்கு வந்துடும்" என்கிற நம்பிக்கை சரியா தப்பா?

முலுண்ட் லோக்கல்
பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் சரின்னார். உராய்வு இருக்கு, காலம் இருக்கு, சமநிலைக்கு வந்துடும்னு. ஆனா அதே டார்வின் 1886-ல அதை மறுத்தார்: பதினாலு நாள் ஓதத்துக்கு அந்த உராய்வு பத்தாது. நீ அலை வேகத்தை மட்டும் பாத்தே, பூமி சுத்துறதை விட்டுட்டே. சுத்துற பூமியில தண்ணியைத் தள்ளினா அது தள்ளின பக்கமே போகாது, குறுக்கே ஓடும். ஓதவிசை தெக்கு வடக்காத் தள்ளுது. தண்ணி கிழக்கு மேற்கா ஓடி, அந்த ஓட்டத்தோட கொரியாலிஸ் விசையாலயே (சுழற்சியால வர்ற குறுக்குத் தள்ளல்) ஓதவிசையைச் சமன் பண்ணிட்டு நின்னுடலாம். மட்டம் ஏற வேண்டிய அவசியமே இல்லை. நிலமே இல்லாத உருண்டையில இது சுலபமா நடக்கும், ஓட்டம் அட்சரேகையோட சுத்திச் சுத்தி வரலாம்.

நிஜக் கடல்ல கண்டங்கள் குறுக்கே நிக்குது. ஓட்டம் அட்சரேகையோட மாறுற கொரியாலிஸ் கெழுவை ஆழத்தால வகுத்தா வர்ற கோடுகளோடதான் போக விரும்பும், அந்தக் கோடுகள் பெரும்பாலும் கரையில போய் முட்டும். முட்டினா ராஸ்பி அலைகள், அதாவது அந்தக் கெழு இடத்துக்கு இடம் மாறுறதால வர்ற மெதுவான பெரிய அலைகள், கிளம்பும். 1967-ல கடலியலாளர் கார்ல் வுன்ஷ் பசிபிக் தீவுகளோட ஓதமானிகளை வெச்சு எம்எஃப் சமநிலையில இல்லைன்னு காட்டி, இதைத்தான் காரணமாச் சொன்னார். அது ராஸ்பி அலையா, இல்லை கொஞ்சம் பின்தங்கின சமநிலையான்னு பல வருஷம் வாதம் ஓடுச்சு. கடல் மட்டத்தை மேல இருந்து அளக்கிற உயரமானி செயற்கைக்கோள் வந்த பிறகு தெரிஞ்சது: பெரிய அளவுல பார்த்தா சமநிலை மாதிரியே ஒரு வடிவம், ஆனா பசிபிக்ல கட்டம் தெளிவாப் பின்தங்குது. எம்எம் சமநிலைக்கு இன்னும் நெருக்கம்.

ஆகவே உன் மாடல்ல ஊசலாடுறது பிழை இல்லை. நிஜமாவே அங்கே அலை இருக்கு. அடங்காம இருக்கிறதுதான் பிழை.

சயான் சர்க்கிள்
இப்போ எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டீங்க. தம்பி, உராய்வு இருபடின்னு சொன்னே. எந்த வேகத்தோட இருபடி?

கடற்கணக்கு
மாடல்ல வர்ற வேகத்தோடதான் சார். எம்எஃப் ஓட்டம் நொடிக்கு சில மில்லிமீட்டர்.

சயான் சர்க்கிள்
அங்கேதான் மாட்டியிருக்கு. நிஜக் கடல்ல அந்தச் சில மில்லிமீட்டர் ஓட்டம் தனியாப் போகலை. அதே தண்ணியில எம்2 நாளுக்கு நாலு தரம் திசை மாத்தி மாத்தி ஓடிக்கிட்டிருக்கு. அடித்தளத்துக்கு எம்எஃப் எது எம்2 எதுன்னு தெரியாது, மொத்த வேகத்துக்குத்தான் அது உராயும். மொத்த வேகத்துல எம்2 பெருசா இருக்கிறப்போ, ஒரு எம்2 சுழற்சிக்குச் சராசரி எடுத்தா மெதுவான ஓட்டத்து மேல விழற உராய்வு நேர்கோட்டு உராய்வா மாறிடும். ரெண்டும் ஒரே கோட்டுல ஓடினா கெழு கிட்டத்தட்ட 0.003 பெருக்கல் எம்2 வேகத்தோட உச்சம் பெருக்கல் 1.27.

எண்ணைப் போட்டுப் பாரு. 50 மீட்டர் ஆழக் கண்டத்திட்டு, எம்2 வேகம் நொடிக்கு அரை மீட்டர். நேர்கோட்டு உராய்வு 0.0019. ஆழத்தால வகுத்தா மெதுவான ஓட்டம் தேய்ற காலம் ஏழு மணி நேரம். உன் மாடல்ல அதே இடத்துல எம்எஃப் மட்டும் ரெண்டு மில்லிமீட்டர் வேகத்துல போனா? மூணு மாசம். ஏழு மணி நேரம் எங்கே, மூணு மாசம் எங்கே! பிரேக் கட்டையே இல்லாத வண்டி, எப்படி நிக்கும்?

மெதுவான ஓதம் மட்டும்தான் வேணும்னு ஆரம்பிச்சே பாரு, அதுதான் கோளாறு. வேகமான ஓதம் இல்லாம மெதுவான ஓதத்துக்கு உராய்வே கிடையாது.

முலுண்ட் லோக்கல்
ஆழ்கடலுக்கும் அதே கணக்கைப் போடுங்க. எம்2 வேகம் ஒரு சென்டிமீட்டர், ஆழம் நாலாயிரம் மீட்டர். மூணு வருஷத்துக்கு மேல வருது. ஆக ஆழ்கடலைப் பொறுத்தவரை டார்வின் சொன்னது சரிதான். உராய்வு முழுக்க ஓரங்கள்ல, திட்டுகள்ல. அங்கே எந்தக் கோடு போய் முட்டுதோ அந்தக் கோட்டோட போற அலைதான் அடங்கும். வரைபடத்துல அந்த இடங்களைச் சரியா வைக்கலைன்னா பசிபிக் நடுவுல கட்டம் தப்பும்.

நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு, காம்பே வளைகுடா. எம்2 அங்கே பேயாட்டம் ஆடும். மெதுவான ஓட்டம் எதுவும் அந்த வாய்க்குள்ள நுழைஞ்சா உருப்படியா வெளியே வராது.

கடற்கணக்கு
அப்போ எம்2-வையும் சேர்த்தே ஓட்டணுமா? கணினி நேரம் எங்கேயோ போயிடும். எங்க கிளஸ்டர்ல வரிசை நிக்கிறது விரார் லோக்கல் மாதிரி.

சயான் சர்க்கிள்
வேண்டாம். பெரிய நாலு ஓதங்களை, எம்2, எஸ்2, கே1, ஓ1, ஒரே ஒரு தரம் ஓட்டி வலையோட ஒவ்வொரு புள்ளியிலயும் வேகத்தோட சராசரி வலிமையை எழுதி வெச்சுக்கோ. இல்லைன்னா எஃப்இஎஸ்2014, டிபிஎக்ஸ்ஓ மாதிரி உலக ஓத மாடல்கள்ல ஓட்டங்கள் ரெடியாவே இருக்கு, எடுத்துக்கோ. அதை நேர்கோட்டு உராய்வு வரைபடமாக் கொடு. அப்புறம் மொத்தச் சமன்பாடும் நேர்கோடு ஆயிடுது. காலப்படியில ஓட்டவே தேவையில்லை. எம்எஃப் அதிர்வெண்ணைப் போட்டு நேரா ஒரே அணியா (மேட்ரிக்ஸ்) தீர்த்துடலாம். அடங்குமா அடங்காதா என்கிற பேச்சுக்கே இடம் இல்லை.

மூக்கன்
இதையெல்லாம் தீர்த்து வெச்சுட்டு ஹிந்துமாதா சிக்னல்ல ஏன் தண்ணி நிக்குதுன்னும் சொல்லிடுங்க சார்.

தாராவிக்காரன்
அதுக்குப் பதில் எனக்கே தெரியும், சாக்கடை 😂. ஆனா ஒரு நிஜக் கேள்வி. டிவியில பதினெட்டு வருஷச் சந்திரச் சுழற்சி, 2030-களுக்கு நடுவுல வெள்ளம்னு சொன்னாங்களே. அதுவும் இந்த மெதுவான ஓதமா?

மாட்டுங்காவாசி
ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு அதுல.

சந்திரனோட பாதைச் சாய்வு 18.6 வருஷத்துக்கு ஒரு சுத்து வருது. அதனால நேரடியா ஒரு ஓதம் உண்டு, 18.6 வருஷத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்குறது. மும்பைக்கு அது ஒரு சென்டிமீட்டர் கூட வராது, ஆறேழு மில்லிமீட்டர். ஆனா அதே சுழற்சி எம்2-வை 3.7 சதவீதம் கூட்டிக் குறைக்குது. 1.2 மீட்டர்ல 3.7 சதவீதம்னா நாலு சென்டிமீட்டருக்கு மேல. ஹை டைடுல நீங்க பாக்கப்போறது இதைத்தான். 2025-ஐ ஒட்டி எம்2 குறைஞ்சு இருந்த காலம். 2034 வாக்குல அது உச்சத்துக்குப் போகும். அதுக்குள்ள கடல் மட்டமும் ஏறியிருக்கும், ரெண்டும் சேரும். டிவிக்காரன் சொன்னதுல விஷயம் இருக்கு, ஆனா மும்பைக்கு வர்ற கூடுதல் அந்த அளவுதான்.

வேடிக்கை என்னன்னா எம்எஃப் நேர் எதிர். 2025-ஐ ஒட்டி சந்திரன் வடக்கும் தெற்கும் 28 டிகிரிக்கு மேல ஒதுங்கிச்சு; எம்எஃப்-க்கு உயிரே அந்த ஒதுக்கம்தான். சராசரியை விட 40 சதவீதம் போல கூடுதல். 2034-ல அதே அளவு குறைச்சல்.

முலுண்ட் லோக்கல்
இது தம்பிக்கும் முக்கியம். ஓதமானித் தரவோட ஒப்பிடறப்போ அந்த 40 சதவீதத்தைத் திருத்தாம ஒப்பிட்டா மாடல் மேல பழி விழும். எம்எஃப்-ஐயும் 14.77 நாள் எம்எஸ்எஃப்-ஐயும் பிரிக்கவே ஆறு மாசத் தரவு வேணும். எம்எஸ்எஃப் வானத்துல இருந்து வர்றது ரொம்பச் சின்னது. ஆனா ஆறு கலக்கிற ஆழமில்லாத முகத்துவாரத்துல எம்2-வும் எஸ்2-வும் உராய்வுல கலந்து அதைப் பெருசாக்கிடும். ஹூக்ளி மாதிரி இடத்து ஓதமானியை இதுக்கு எடுத்துக்காதே. கடல் நடுத் தீவுகளைப் பாரு.

செயற்கைக்கோள்னா டோபெக்ஸ் வரிசை உயரமானிகளை எடு. 9.9 நாளுக்கு ஒரு தரம் அதே இடத்தைப் பாக்குது, அதனால எம்எஃப் 36 நாள் சுழற்சியா வேஷம் போட்டுத் தெரியும். எம்எம் தன் நிஜ முகத்தோடயே தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து 2013-ல போன சரல் உயரமானி நம்ம பெருமைதான், ஆனா அது அதே இடத்தைப் பாத்தது 35 நாளுக்கு ஒரு தரம். இந்த வேலைக்கு அது முதல் தேர்வு இல்லை.

கடற்கணக்கு
எல்லாருக்கும் நன்றி. உராய்வு வரைபடம் போட்டு அதிர்வெண் முறையில தீர்த்தேன். ஊசலாட்டம் போச்சு. வெப்பமண்டல பசிபிக்ல கட்டம் இப்போ பின்தங்குது, திசை சரி, ஆனா வேணும்கிறதை விட அதிகமாப் பின்தங்குது. ஆழ்கடல் மலைத்தொடர்கள் மேல உள்ளலை (கடலுக்குள்ளயே அடர்த்தி அடுக்குகள்ல கிளம்புற அலை) இழுவைன்னு ஒரு உராய்வு சேர்த்திருந்தேன், எம்2-வுக்கு எல்லாரும் போடுறதுதான். அதை எடுத்துப் பாக்கட்டுமா?

சயான் சர்க்கிள்
உடனே எடு. உள்ளலை கிளம்பணும்னா அதிர்வெண் கொரியாலிஸ் அதிர்வெண்ணை (முன்னாடி சொன்ன கொரியாலிஸ் கெழுதான்) விட அதிகமா இருக்கணும். எம்எஃப்-க்கு அது பூமத்திய ரேகைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு டிகிரிக்குள்ளதான். மத்த இடமெல்லாம் நீ இல்லாத உராய்வைப் போட்டிருக்கே. வேகமான ஓதத்துகிட்ட இருந்து அடித்தள உராய்வைக் கடன் வாங்கணும், இதை வாங்கக்கூடாது.

முலுண்ட் லோக்கல்
இன்னும் மூணு விஷயம், கையோட பாத்துடு. தண்ணி தன் எடையால தரையை அமுக்குறதையும் தன் ஈர்ப்பால தானே இழுபடறதையும் 0.09 மாதிரி ஒரே எண்ணால பெருக்கி வெச்சிருந்தா, எம்எஃப்-க்கு அது ஆகாது. வடிவம் ரொம்பப் பெருசு. எம்எஃப்-ஓட பெரிய வடிவமான இரண்டாம் படிக்கு அந்த எண் 0.19-க்குக் கிட்ட வரும். கோள இசைச்சார்புகளா, அதாவது உருண்டை மேல பெருசுல இருந்து சிறுசு வரை வடிவம் வடிவமா, பிரிச்சே போடு.

ரெண்டாவது, உன் வலை வட துருவத்தை விட்டுடுச்சா? எம்எஃப் துருவத்துலதான் பெருசு, பூமத்திய ரேகையை விட ரெண்டு மடங்கு, எதிர்க் குறியோட. 35 டிகிரியில சைபர். ஆர்க்டிக்கை வெட்டினா அது பெருசா இருக்கிற இடத்தையே தொலைச்ச மாதிரி.

மூணாவது, சமநிலையோட ஒப்பிடறப்போ மொத்தக் கடல் நீரோட அளவு மாறாதபடி ஒரு மாறிலியைக் கழிச்சிருக்கணும். நிலம் எல்லா அட்சரேகையிலயும் ஒரே அளவா இல்லாததால அது தானாச் சைபர் ஆகாது.

கடற்கணக்கு
வலை 80 டிகிரியோட நின்னுது அக்கா. துருவத்தைத் திருப்பி வெச்சு, இழுவையை எடுத்து, ஈர்ப்பையும் பிரிச்சுப் போட்டுட்டேன். பசிபிக் தீவுகள் பெரும்பாலும் பிழை வரம்புக்குள்ள வந்தாச்சு. எம்எம்-க்கும் இதே உராய்வு வரைபடம் போதுமா?

சயான் சர்க்கிள்
போதும். வரைபடம் எம்2-வைப் பொறுத்தது, எம்எம்-ஐப் பொறுத்தது இல்லை. அதிர்வெண்ணை மட்டும் மாத்து.

மாட்டுங்காவாசி
அரையாண்டு ஓதம் எஸ்எஸ்ஏ-வைத் தொடணும்னு ஆசை வந்தா இப்பவே சொல்லிடறேன், நம்ம கரை ஓதமானியை வெச்சு சரிபாக்கலாம்னு நினைக்காதே. பருவக்காத்தும் தண்ணியோட சூடும் அந்தச் சுழற்சியிலயே கடலை ஏத்தி இறக்கும், ஓதம் அதுல கரைஞ்சு போயிடும். எம்எஃப்-க்கு வேணா அப்போலோ பந்தர் மணிவாரித் தரவைப் பாரு. முதல்ல காத்தழுத்தத்தைக் கழி. மழைக்காலத்தைத் தள்ளாதே, தள்ளினா இடைவெளி விழுந்து பக்கத்து அதிர்வெண்ணெல்லாம் உள்ளே கசியும். இரைச்சல்னு தெரிஞ்சே சேர்த்துக்கோ, வருஷம் கூடக் கூட அது தானா அடங்கும்.

தாராவிக்காரன்
அந்த ஒரு சென்டிமீட்டர் கிடைச்சதும் படம் போடு தம்பி. எம் பொண்ணு பத்தாவதுல ஓதம் படிக்கிறா, காட்டணும்.